தினமும் 120 கிலோமீட்டர்: எந்தச் சிறிய காரை வாங்குவது?

கேள்வி: என் வீட்டிலிருந்து பணியிடம் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதில் 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலை, மீதி 10 கிலோமீட்டர் நெரிசலான நகரச் சாலை. ஆண்டுக்கு ஏறக்குறைய 250 நாள் போய்வருகிறேன்; ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. நெடுஞ்சாலையில் 90 முதல் 100 வரை வேகம் இருக்கும். வாரத்தில் மூன்று நாள் சக பணியாளர்கள் இருவர் உடன் வருவார்கள். இப்போதுள்ள பழைய கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் தருகிறது. மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, உயரமான கூரையுடைய, எடை குறைந்த ஒரு லிட்டர் பெட்ரோல் கார். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று விளம்பரத்தாளில் போட்டிருக்கிறது. இரண்டாவது, சற்றே நீளமான, தாழ்வான 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 21.5 கிலோமீட்டர். மூன்றாவது அதே அளவுள்ள ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார். 28 கிலோமீட்டர் என்கிறார்கள், ஆனால் இரண்டாவதைவிட விலை மிக அதிகம். அந்த விலை வித்தியாசத்தில் இன்றைய நிலவரப்படி 3,500 லிட்டர் பெட்ரோல் வாங்கிவிடலாம். டீசல் வாங்கு என்று ஒருவரும், மின்சாரக் கார் வாங்கு என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். அடுக்குமாடியில் குடியிருப்பதால் கார் நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு இல்லை. எனக்கு இடுப்பு வலியும் உண்டு. எதை வாங்குவது? அல்லது பழைய காரையே இன்னும் ஓராண்டு ஓட்டலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். கார் வாங்குவது பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் விலையும் மைலேஜும் மட்டுமே இருக்கும். நீங்கள் சாலையின் தன்மையையும், வேகத்தையும், உடன் வருபவர்களையும், உடம்பின் நிலையையும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நான்கும் தெரியாமல் எந்தக் காரையும் ஒருவருக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்பது, வாகனப் பொறியாளனாக இத்தனை ஆண்டுகள் பணியாற்றியதில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம். ஆகவே உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல முடிகிறது. உங்கள் மூன்றில் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். விளம்பரத்தாளில் மிகக் குறைந்த மைலேஜ் உள்ள காரை ஏன் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டியது என் கடமை.

முதலில் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்வோம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பழகிவிட்டோம். ஆனால் பணம் கொடுப்பது கிலோமீட்டருக்கு அல்ல, லிட்டருக்கு. நீங்கள் ஆண்டுக்கு ஓட்டும் தூரம் 30,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் கார் அதற்கு 2,500 லிட்டர் குடிக்கும். 15 தரும் கார் 2,000 லிட்டர், 20 தரும் கார் 1,500 லிட்டர், 25 தரும் கார் 1,200 லிட்டர். பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்கு ஏறும்போது, அதாவது வெறும் 3 கிலோமீட்டர் கூடும்போது, 500 லிட்டர் மிச்சமாகிறது. இருபதிலிருந்து இருபத்தைந்துக்கு 5 கிலோமீட்டர் கூடியும் 300 லிட்டர்தான் மிச்சமாகிறது. மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டரின் மதிப்பும் சுருங்கிக்கொண்டே வருகிறது. உங்கள் பழைய காரிலிருந்து இந்த மூன்றில் எதற்கு மாறினாலும் பெரிய லாபம் கிடைத்துவிடும். மூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அதோடு ஒப்பிட்டால் சிறியது. அந்தச் சிறிய வித்தியாசத்துக்காக இருக்கையையோ பாதுகாப்பையோ விட்டுக்கொடுக்கலாமா என்பதே உங்கள் முன் உள்ள உண்மையான கேள்வி.

அந்தச் சிறிய வித்தியாசமும் விளம்பரத்தாளில் உள்ளபடி உங்கள் சாலையில் இருக்குமா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். மைலேஜ் சோதனை சாலையில் நடப்பதில்லை. காரை உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரம் மட்டும் சுழலும்படி செய்து, வகுத்துவைத்த ஓர் அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவார்கள். ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த பழைய முறையில் மொத்தத் தூரம் 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டருக்கும் குறைவு. அது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பதால் 2017 முதல் டபிள்யூஎல்டிபி என்ற புதிய முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. இதில் தூரம் 23 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நேரம் 30 நிமிடம், சராசரி வேகம் 46.5 கிலோமீட்டர். முன்னதைவிட நல்ல முறைதான். ஆனாலும் ஆய்வகத்தின் வெப்பநிலை 23 டிகிரி, ஏசி அணைக்கப்பட்டிருக்கும், மேடு பள்ளம் கிடையாது, எதிர்க்காற்றும் கிடையாது. நீங்களோ பல நாள் மூன்று பேராக ஏறி, ஏசி போட்டு, 95 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் பங்குக்கும் மேலான தூரத்தைக் கடக்கிறீர்கள். விளம்பரத்தாளின் எண் பொய் என்று சொல்லவில்லை. அது வேறொரு பயணத்தின் எண். உங்கள் நாட்டில் நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் தனித்தனி எண்கள் வெளியிடப்படுகின்றன என்றால், நெடுஞ்சாலை எண்ணை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். டபிள்யூஎல்டிபி முறையிலும் நான்கு வேகப் பிரிவுகளுக்கான எண்கள் தனித்தனியே உண்டு, கேட்டால் கிடைக்கும்.

இப்போது நெடுஞ்சாலையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இந்த விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. சீரான வேகத்தில் ஓடும் காரை இரண்டு தடைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர் நசுங்கி நசுங்கி உருளுவதால் வரும் தடை. இது காரின் எடையைப் பொறுத்தது, வேகத்தால் அதிகம் மாறாது. மற்றது காற்றுத் தடை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும், காரின் முன்புறப் பரப்பையும் வடிவத்தையும் பொறுத்தது, எடைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆட்களோடு 1,100 கிலோ வரும் ஒரு சிறிய காருக்குக் கணக்குப் போட்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு தடைகளும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். 90 கிலோமீட்டரில் காற்றுத் தடை டயர்த் தடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். 120 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய நான்கு மடங்கு. எனவே நகரத்துக்குள் நின்று நின்று போகும் காருக்கு எடை குறைவது பெரிய வரம். 95 கிலோமீட்டரில் ஓடும் காருக்கு எடையைவிடக் கூரையின் உயரமும், கண்ணாடியின் சாய்வும், பின்பக்கம் எப்படி முடிகிறது என்பதும் முக்கியம்.

உங்கள் பட்டியலின் முதல் கார் எடை குறைந்தது, ஆனால் உயரமானது, நேர்க்குத்தானது. அது 25 என்ற எண்ணைப் பெற்றது குறைந்த வேகப் பகுதிகளில் எடையின்மையால் கிடைத்த மிச்சத்தால்தான். உங்கள் வேகத்தில் அந்த மிச்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். அதோடு கியர் விகிதத்தையும் பாருங்கள். சிறிய எஞ்சினால் உயர்ந்த கியரில் இழுக்க முடியாது என்பதால் அதன் கடைசி கியரையும் குட்டையாகவே வைப்பார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டிருக்கும். அதே வேகத்தில் இரண்டாவது கார் 2,700 அல்லது 2,800 சுற்றில் ஓடினால், எஞ்சினுக்குள் உராய்வில் வீணாகும் ஆற்றல் அந்த அளவுக்குக் குறையும். காதுக்கும் அது நிம்மதி. இந்த எண்ணை எந்த விளம்பரத்தாளும் சொல்லாது. ஓட்டிப் பார்க்கும்போது 100 கிலோமீட்டர் வேகத்தில் கடைசி கியரில் சுற்று முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், விளம்பரத்தாளில் இரண்டு கார்களுக்கும் இடையே தெரியும் 195 லிட்டர் வித்தியாசம் உங்கள் பயணத்தில் பெரும்பாலும் கரைந்துபோகும் என்பதே என் மதிப்பீடு. இரண்டும் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் அளவில் தந்தால் வியப்படைய மாட்டேன்.

சின்ன எஞ்சின் என்றாலே சிக்கனம் என்ற நம்பிக்கையில் ஓரளவு உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்தைச் சமதளத்தில் தக்கவைக்க ஒரு சிறிய காருக்கு வேண்டிய திறன் வெறும் 13 குதிரைத்திறன்தான். 80 குதிரைத்திறன் எஞ்சின் அப்போது தன் வலுவில் ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டுகிறது. பெட்ரோல் எஞ்சின் இப்படி அரைத் தூக்கத்தில் வேலை செய்யும்போது, முக்கால் மூடிய வாயிலின் வழியே காற்றை உறிஞ்சுவதற்கே ஆற்றலைச் செலவழிக்கும். ஓரளவு பாரம் ஏறினால்தான் அது நன்றாக வேலை செய்யும். ஆகவே தேவைக்கு மிகப் பெரிய எஞ்சினைச் சுமப்பது வீண்தான். ஆனால் தேவைக்கும் குறைந்த எஞ்சின் வேறு வகையில் கெடுக்கும். மூன்று பேரோடு ஏசி போட்டுக்கொண்டு ஒரு பாரவண்டியைத் தாண்ட வேண்டிய ஒவ்வொரு தடவையும் கியரைக் குறைத்து முழு ஆக்சிலரேட்டரையும் மிதிக்க வேண்டியிருக்கும். அப்போது மிச்சம் பிடித்ததெல்லாம் போகும், தாண்டும் நேரமும் நீளும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போ வைத்த சிறிய எஞ்சின்களும் இப்படித்தான். மென்மையாக ஓட்டுபவருக்கு நன்றாகத் தரும், அழுத்தி ஓட்டுபவரிடம் வாங்கிக்கொள்ளும்.

ஹைபிரிட் பற்றி. 1997-இல் டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்தத் தொழில்நுட்பம் நன்றாக முதிர்ந்துவிட்டது. நம்பகத்தன்மை குறித்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதன் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பிரேக் போடும்போது வெப்பமாகி வீணாகும் ஆற்றலை அது மின்கலத்தில் சேமித்து, மறுபடி கிளம்பும்போது செலவழிக்கிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சினை அணைத்துவிட்டு மின்விசையில் போகிறது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் பிரேக்கையே தொடாமல் போகும்போது சேமிப்பதற்கு எதுவும் இல்லை. அப்போதும் அதன் எஞ்சின் சிக்கனத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டதாக இருப்பதால் சாதாரண பெட்ரோல் காரைவிட நன்றாகவே தரும், ஆனால் நகரத்தில் தரும் அளவுக்கு வித்தியாசம் இராது. இரண்டாவது கார் உங்கள் சாலையில் 18 தருகிறது, ஹைபிரிட் 22 தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மிச்சம் 300 லிட்டர். விலை வித்தியாசம் 3,500 லிட்டர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஈடாக ஏறக்குறைய 12 ஆண்டும் மூன்றரை லட்சம் கிலோமீட்டரும் ஆகும். உங்கள் பயணம் தலைகீழாக, 50 கிலோமீட்டர் நெரிசலும் 10 கிலோமீட்டர் நெடுஞ்சாலையுமாக இருந்திருந்தால், சாதாரண கார் 12-க்கு இறங்கியிருக்கும், ஹைபிரிட் 22-இல் நின்றிருக்கும், மிச்சம் ஆண்டுக்கு 1,100 லிட்டருக்கு மேல் போயிருக்கும், மூன்றே கால் ஆண்டுக்குள் விலை வித்தியாசம் ஈடாகியிருக்கும். அப்படிப்பட்ட வாசகர் கேட்டிருந்தால் ஹைபிரிட்டை வாங்குங்கள் என்று இரண்டு வரியில் பதிலை முடித்திருப்பேன். ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் எரிந்து 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடாகிறது. அதைக் குறைப்பதற்காகவே கூடுதல் விலையைக் கொடுக்க ஒருவர் முன்வந்தால் அதுவும் மதிக்கத்தக்க காரணம். செலவைக் குறைக்க என்று வாங்கினால் மட்டும் கணக்கு உதைக்கிறது.

டீசல் சொன்ன நண்பர் ஒரு காலத்து உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் அதிகம். அந்த ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்துவதிலும் டீசல் எஞ்சின் மேல். உங்களுடையதைப் போன்ற நீண்ட ஓட்டம்தான் அதற்கு ஏற்றது. புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, தொடர்ந்து சூடாக ஓடினால்தான் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். உங்களுக்கு அந்தத் தொல்லை வராது. ஆனால் புகை விதிகள் இறுகியபின், அவற்றுக்கு ஈடுகொடுக்கும் கருவிகளின் செலவைச் சிறிய காரின் விலை தாங்கவில்லை. அதனால் சிறிய டீசல் கார்கள் அருகிவிட்டன. உங்கள் பட்டியலிலேயே ஒன்றும் இல்லை. அதற்காகப் பெரிய காருக்குத் தாவ வேண்டாம்.

மின்சாரக் கார் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம், ஏனெனில் நாளுக்கு 120 கிலோமீட்டர் என்பது அதற்கென்றே அளந்துவைத்தது போன்ற தூரம். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவானால் ஒரு நாளைக்கு 18 யூனிட் போதும். 3 கிலோவாட் இணைப்பில் போட்டாலும் ஆறேழு மணி நேரத்தில், நீங்கள் தூங்கி எழுவதற்குள், ஏறிவிடும். இரவில் ஏற்ற வழியிருந்தால் நான் இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். வழியில்லாத நிலையில், வாரத்துக்கு மூன்று நான்கு முறை பொது மின்னேற்று நிலையத்தில் காத்திருப்பது, ஏற்கெனவே இரண்டரை மணி நேரத்தைச் சாலையில் விடும் ஒருவருக்குத் தகாது. இருந்தாலும் ஒன்று செய்யுங்கள்: பணியிடத்தில் கார் நிறுத்துமிடத்தில் ஓர் இணைப்புக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரம் கார் அங்கேதான் நிற்கிறது. கிடைத்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். என் பதில் மாறும்.

இனி உங்கள் இடுப்புக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதல் வரியாகப் படித்தேன். நாளுக்கு இரண்டரை மணி நேரம், 250 நாள் என்றால் ஆண்டுக்கு 625 மணி நேரம் அந்த இருக்கையில் உட்காரப் போகிறீர்கள். வீட்டு நாற்காலியில்கூட அவ்வளவு நேரம் உட்காரமாட்டீர்கள். விலை குறைந்த சிறிய கார்களில் இருக்கையின் அடிப்பகுதியை நீளம் குறைத்துத்தான் செய்கிறார்கள், உள்ளே இடம் தாராளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அதனால் தொடையின் முன்பாதி அந்தரத்தில் நிற்கும், உடலின் எடை முழுவதும் இடுப்பின் அடியில் இறங்கும். பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இது தெரியாது. நாற்பதாவது நிமிடத்தில்தான் தெரியும். இருக்கையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, ஸ்டீயரிங்கை மேலும் கீழும் மட்டுமன்றி முன்னும் பின்னும் நகர்த்த முடிகிறதா, கால் மிதிகள் நேர் எதிரே இருக்கின்றனவா, ஒரு பக்கம் தள்ளி இருக்கின்றனவா என்று பாருங்கள். மிதிகள் தள்ளியிருந்தால் இடுப்பு நாள்தோறும் இரண்டரை மணி நேரம் திருகிய நிலையில் இருக்கும். இடது காலில் வலி இறங்கும் வழக்கம் இருந்தால் கிளட்ச் இல்லாத காரையே எடுங்கள். கியர் படிகள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி வகையோ, கிளட்சைத் தானே இயக்கும் ஏஎம்டி வகையோ, கையால் கியர் மாற்றும் காருக்கும் அவற்றுக்கும் மைலேஜில் இன்று பெரிய இடைவெளி இல்லை. நெடுஞ்சாலையில் வேகத்தைத் தானே நிலையாக வைத்து வலது காலுக்கு ஓய்வு தரும் குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

பாதுகாப்பைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். நகரத்துக்குள் ஓட்டுபவரும் நெடுஞ்சாலையில் ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவரும் ஒரே அளவு ஆபத்தைச் சந்திப்பதில்லை. எடை குறைந்த காரும் எடை மிகுந்த வாகனமும் மோதினால், வேக மாற்றத்தின் பெரும்பகுதி எடை குறைந்ததன் மேல்தான் விழும்; இது இயற்பியல், எந்த நிறுவனமும் இதை மாற்ற முடியாது. ஆகையால் ஆட்களைச் சுற்றியுள்ள காரின் உடற்கூண்டு உறுதியாக இருக்க வேண்டும். என்கேப் மோதல் சோதனையில் அந்தக் கார், அதே மாடல், நீங்கள் வாங்கும் அதே வகை, எத்தனை நட்சத்திரம் பெற்றிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாட்டில் விற்கும் காரும் வேறொரு நாட்டில் அதே பெயரில் விற்கும் காரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பக்கவாட்டு ஏர்பேக்குகளும், வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் இஎஸ்சி அமைப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் இஎஸ்சி 2014 நவம்பர் முதல் கட்டாயம். இது ஆடம்பரம் அல்ல. உயரமான, எடை குறைந்த கார் பாரவண்டிகளைக் கடக்கும்போது காற்றில் அலைபாயும். ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதும் ஒரு வகைக் களைப்புதான். முதல் காரை நான் தள்ளிவைத்ததற்கு மைலேஜைவிட இதுவே பெரிய காரணம்.

இரண்டாவது காரிலும் எந்த வகையை எடுப்பது என்று ஒரு வார்த்தை. உயர்ந்த விலை வகையில் அழகுக்காகப் பெரிய அலாய் சக்கரங்களும் அகன்ற டயர்களும் போடுவார்கள். அவை எடை கூடியவை, காற்றில் அதிகம் படுபவை, பள்ளத்தின் அதிர்ச்சியை நேராக உங்கள் முதுகெலும்புக்கு அனுப்புபவை. எல்லா ஏர்பேக்குகளும் இஎஸ்சியும் நல்ல இருக்கையும் உள்ள, ஆனால் சிறிய சக்கரத்தோடு வரும் நடு வகையை எடுங்கள். டயர் தேய்ந்து மாற்றும்போது உருளும் தடை குறைந்த டயராகக் கேட்டு வாங்குங்கள். ஈரத்தில் பிடிப்பு எப்படி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஒன்றுக்காக மற்றதை இழக்க வேண்டாம். காற்றழுத்தத்தை வாரத்துக்கு ஒரு தடவை, கார் ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். மூன்று பேர் போகும் நாளுக்கு எவ்வளவு அழுத்தம் என்று கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் தனியாகக் குறித்திருப்பார்கள்.

உத்தரவாதத்தில் ஏமாறாதீர்கள். ஐந்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை என்று எழுதியிருந்தால், உங்களுக்கு அது ஐந்து ஆண்டு அல்ல, மூன்று ஆண்டும் நான்கு மாதமும்தான். நீங்கள் பார்க்க வேண்டியது கிலோமீட்டர் வரம்பை மட்டுமே. அதுபோல 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் ஆண்டுக்கு மூன்று தடவை; 15,000 என்றால் இரண்டு தடவை. எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா, பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். மற்றவர்களுக்கு எட்டாவது ஆண்டில் வரும் அந்தச் செலவு உங்களுக்கு நான்காவது ஆண்டிலேயே வரலாம். இவ்வளவு ஓட்டும் காருக்கு மறுவிற்பனையில் நல்ல விலை கிடைக்காது என்பதால், வாங்கினால் கடைசிவரை வைத்துக்கொள்வது என்ற எண்ணத்தோடு வாங்குங்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எந்தக் காரை வாங்கினாலும் இது உங்கள் காலில் இருக்கிறது. நெடுஞ்சாலையின் 50 கிலோமீட்டரை 100 வேகத்தில் கடக்க 30 நிமிடம்; 80 வேகத்தில் கடக்க முப்பத்தேழரை நிமிடம். அந்த ஏழரை நிமிடத்தைச் சம்பாதிக்க, சக்கரங்களுக்குப் போக வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. வேகம் கூடும்போது எஞ்சின் பெட்ரோலை வீணாக்காமல் பயன்படுத்துவதும் ஓரளவு மேம்படுவதால் பெட்ரோல் அதே விகிதத்தில் கூடாது, ஆனாலும் கணிசமாகக் கூடும். 80-க்கு இறங்குங்கள் என்று உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஒரு நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அந்த ஏழரை நிமிடத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். 90-இல் நிலையாக ஓட்டிப் பாருங்கள். முதல் காருக்கும் மூன்றாவது காருக்கும் இடையே நீங்கள் தேடிய வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

காரை முன்பதிவு செய்வதற்கு முன் விற்பனையாளரிடம் ஒரு மணி நேர ஓட்டம் கேளுங்கள். தெருமுனைவரை போய்த் திரும்புவதில் பயனில்லை. மறுத்தால் ஒரு நாளுக்கு வாடகைக்கு அதே மாடலை எடுங்கள். உடன் வரும் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில் போங்கள். மைலேஜை டேஷ்போர்டில் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டேங்கை முழுக்க நிரப்பி ஓட்டி, திரும்பி வந்து அதே பங்கில் மறுபடி நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று கணக்கிடுங்கள். ஒரே ஒரு பயணத்தின் கணக்கு முழுதும் சரியாக இராது என்றாலும், விளம்பரத்தாளைவிட அது உங்களுக்கு நெருக்கமானது.

கடைசியாக, பழைய காரை இன்னும் ஓராண்டு ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். 12-இலிருந்து 18-க்குப் போனால் ஆண்டுக்கு 830 லிட்டர் மிச்சம். அந்தத் தொகை பெரிதுதான். ஆனால் ஓராண்டுப் பெட்ரோல் மிச்சத்துக்காகக் கடனை அவசரமாக வாங்கும் நிலை இருந்தால், காத்திருப்பதில் தவறில்லை. அந்த ஓராண்டில் டயர் அழுத்தத்தைச் சரியாக வையுங்கள்; சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றி பிரேக் உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; எஞ்சினைச் சரியான சூட்டில் வைக்கும் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்; காலியாகக் கிடக்கும் கூரைக் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். 12 தரும் கார் 13 தந்தாலே ஏறக்குறைய 190 லிட்டர் மிச்சமாகிவிடும். ஆனால் அந்தப் பழைய காரில் ஏர்பேக்கோ இஎஸ்சியோ இல்லையென்றால் என் பதில் வேறு. வாரத்தில் மூன்று நாள் உங்களை நம்பி இன்னும் இருவர் அதில் ஏறுகிறார்கள். அப்படியானால் ஓராண்டு காத்திருக்க வேண்டாம். இரண்டாவது காரின் நடு வகையை இந்த மாதமே ஓட்டிப் பாருங்கள்.